கலயத்துத் தேரை

நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பானையடியில் தேரை உட்கார்ந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். தேரை மேலே விழுந்தால் குழந்தையும் தேரையைப் போலவே வற்றி, எலும்பும் தோலுமாகப் போய்விடும் என்று நம்பிக்கை. நம் திருச்சுழிப் பக்கம் அந்தப் பயம் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. முப்பது வருடம் பால்வாடி டீச்சராக இருந்து, "தேரை விழுந்து எந்தப் பிள்ளையும் சாகாது" என்று ஊர் ஊராகக் கத்தியவள் நான். அதே வாயால் ஒரே ஒருமுறை மாற்றிச் சொன்னேன். யாரிடம், எதற்கு என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மழை பொய்த்த வருடம். மாசியிலேயே கண்மாய் வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் கிடந்தது. பச்சை முதுகுத் தவளைகள் எல்லாம் அதற்குள் அடைந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். கல்லை எறிந்தால் ஒரு நிமிடம் உள்ளே போய்விட்டு மறுபடியும் மேலே வரும். பங்குனியில் அந்தக் குட்டையும் போனது. தவளைகள் எங்கே போயின என்று அம்மாவிடம் கேட்டேன். "நமக்கென்ன தெரியும், அதுகளுக்கும் சொந்தக்காரவுக எங்கிட்டாவது இருப்பாக" என்றாள்.

அப்பா கிணறு வெட்டுகிற செட்டில் வேலை பார்த்தார். பாலவனத்தம் பக்கம் தங்கி வெட்டிவிட்டு வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார். ஒருமுறை தலைத்துண்டை அவிழ்த்து என் உள்ளங்கையில் ஒன்றைக் கொட்டினார். மண் உருண்டை என்று நினைத்தேன். அது மூச்சு விட்டது. இடுப்பளவு தோண்டியதும் கிடந்த மண்தவளையாம். கழுத்தே இல்லை. மூஞ்சியை யாரோ உள்ளே அமுக்கி வைத்த மாதிரி இருந்தது. தொட்டால் உப்பிப் பந்தாகிவிடும். மழை பெய்கிறவரை அது மண்ணுக்குள்ளேயே சாப்பாடு தண்ணீர் இல்லாமல் தூங்கும் என்றார் அப்பா.

"இது கெடந்தா கீழ தண்ணி கெடக்கும் தாயி. தப்பவே தப்பாது."

அந்த வருடம் அவர்கள் மூன்று கிணறு வெட்டினார்கள். மூன்றிலும் மண்தவளை கிடந்தது. ஒன்றிலும் தண்ணீர் இல்லை. மூன்றாவது கிணற்றிலிருந்து வந்த அன்று அப்பா, "ஏமாத்துக்காரப் பய தவளை" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு தேரை இருந்தது. தண்ணீர்ப் பானை வைத்திருந்த மூலையில், பானை கசிந்து ஈரமான சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கையும் காலும் ஈர்க்குச்சி கனம்தான். விரல் நுனியில் மட்டும் சின்னச் சின்ன வட்டம். பகலில் சுவரின் நிறத்துக்கே வெளிறிப் போகும். பொழுது சாய்ந்தால் பழுப்பாகும். பிற்காலத்தில் ஒரு புத்தகத்தில் அதே படத்தைப் பார்த்தேன். மரத்தவளை என்று போட்டிருந்தது. மரமே இல்லாத எங்கள் தெருவில் அது பானையைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருக்கிறது. நான் தினமும் ஒரு கை தண்ணீர் அள்ளி அதன் மேல் தெளிப்பேன். தண்ணீர் பட்டதும் கண்ணை உள்ளே இழுத்து மூடிக்கொள்ளும். குடிக்கவே தண்ணீர் இல்லாத காலத்தில் தேரைக்குத் தெளிப்பது தெரிந்தால் அம்மா தோலை உரித்திருப்பாள்.

அந்தத் தை மாதம்தான் தம்பி பிறந்தான். பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தான். நாற்பது நாள் கழிந்ததும் அம்மா வேலைக்குப் போனாள். பக்கத்து ஊரான வீரசோழனில், பாயம்மா வீட்டுக் காட்டில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலை. விடியும் முன் போனால் பொழுது சாயத்தான் வருவாள். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தித் தூளிக்குக் காவல் வைத்தார்கள். சித்திரையில் அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அந்த வெயிலில் கோடரி பிடித்தவளுக்கு எங்கேயிருந்து சுரக்கும்? இது இப்போது கேட்கிற கேள்வி. அப்போது, "பாலு மறந்துருச்சு" என்று மட்டும் சொன்னார்கள்.

பாயம்மா நல்ல மனுஷி. அவர் மகன் துபாயில் இருந்தார். பேரனுக்கு வந்த பால்மாவில் ஒரு பெரிய டின்னை அப்படியே தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நீல டின். மேலே கொழுகொழுவென்று ஒரு குழந்தை. சுற்றிலும் அரபு எழுத்து. அம்மா அதை வேத எழுத்து என்று நினைத்து, வீட்டில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் தொட்டுக் கும்பிட்டாள். அம்மாவுக்கு வேலையில்லாத ஒருநாள், பாயம்மா தோட்டத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்.

"அடி இவளே! இது ஓதுற எழுத்து இல்லடி. பாலை எப்பிடிக் கரைக்கணும்னு எழுதியிருப்பாக."

"அப்பச் செத்த படிச்சுச் சொல்லுங்கக்கா."

பாயம்மா டின்னைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ராகமாகப் படித்தார். கேட்க அவ்வளவு அழகாக இருந்தது. படித்து முடித்துவிட்டு, "எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் தங்கச்சி, அர்த்தம் தெரியாதே" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். தம்பியைக் கொஞ்சிவிட்டுப் போகும்போது, "பிள்ளை ரொம்ப லேசா இருக்காம்மா. டவுனு ஆஸ்பத்திரில ஒருக்காக் காட்டிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டின் காலியானால் அடுத்த டின் கேட்க அம்மாவுக்குக் கூச்சம். அதனால் எனக்கு அவள் சொல்லிக்கொடுத்த கணக்கு இதுதான்: ஒரு டம்ளர் தண்ணீர், டின்னுக்குள் கிடக்கிற சின்னக் கரண்டியால் ஒரே ஒரு கரண்டி மாவு. "தண்ணி வெள்ளையாயிட்டாப் போதும், அது பாலுதான்." நான் அப்படியே கலக்கி, பாலாடையில் ஊற்றிப் புகட்டினேன். தம்பி மடக் மடக்கென்று குடிப்பான். குடித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அழுவான். கள்ளப்பய, வயிறு நிறைந்தும் அழுகிறான் என்று நான் அவன் தொடையில் கிள்ளியும் இருக்கிறேன். கிள்ளுவதற்குச் சதை கையில் வரவில்லை.

ஆடிக் காற்றில் ஒருநாள் மத்தியானம் தூளி ஆடிக்கொண்டிருந்தது. பானையடியில் இருந்த தேரை எதற்கோ மிரண்டு ஒரு தாவு தாவித் தம்பியின் வெறும் வயிற்றில் போய் விழுந்தது. குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். தம்பி திடுக்கிட்டுக் கண்ணை அகல விரித்துவிட்டுச் சிரித்தான். சத்தம் போட்டு, எச்சில் வழியச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. தேரை அவன் வயிற்றில் ஒரு கணம் இருந்துவிட்டுச் சுவருக்குத் தாவியது. அவன் கையை நீட்டி மறுபடியும் கேட்டான்.

இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனாலும் அம்மா திட்டுவாளே என்று பத்து நாள் போல வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஒரு சாயங்காலம் அத்தை வந்திருந்தார். அப்பாவுக்கு மூத்தவர், அடுத்த தெரு. அவர் சொல்லுக்கு வீட்டில் மறுசொல் கிடையாது. அம்மா கரி படிந்த கையைக்கூடக் கழுவாமல் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு பேசினாள்.

"மதினி, பிள்ளைய நாளைக்கு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். மொத பஸ்ஸுக்குப் போனா மத்தியானத்துக்குள்ள திரும்பிரலாம். இவன் வளர மாட்டேங்குறான், எனக்குப் பயமா இருக்கு."

"போயிட்டு வா. நானும் வாரேன்" என்றார் அத்தை.

அப்போதுதான் நான் குறுக்கே விழுந்து சொன்னேன். அம்மா முகம் வாடியிருக்கிறதே, இதைக் கேட்டால் சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"அத்தை, அன்னைக்குத் தம்பி சிரிச்சானே! தேரை அவன் வயித்துல குதிச்சுச்சு, கெக்கெக்கேன்னு சிரிச்சான்."

அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடி கழுத, இத இம்புட்டு நாளா ஏண்டி சொல்லல?"

"அவன் சிரிச்சான் அத்தை."

"சிரிக்கத்தாண்டி செய்யும். அப்பறமாத்தான் வத்தும்." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "பஸ்ஸும் வேண்டாம் ஆஸ்பத்திரியும் வேண்டாம்த்தா. தேரைக்கு அவுககிட்ட ஊசி கெடையாது. நான் பாத்துக்குறேன்."

வைத்தியம் இதுதான். விழுந்த தேரையையே பிடிக்க வேண்டும், வேறு தேரை ஆகாது. அதைப் புதுக் கலயத்தில் விட்டு, பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் ஒரு துண்டு அறுத்துப் போட்டு, வாயைத் துணியால் இறுகக் கட்டித் தூளிக்கு மேலே விட்டத்தில் தொங்கவிட வேண்டும். உள்ளே தேரை வற்ற வற்ற வெளியே பிள்ளை ஊறும். பதினோராம் நாள் இறக்கி எல்லையில் போட்டுவிட வேண்டும். அத்தைக்கு அந்தத் தேரையைக் காட்டிக்கொடுத்தது நான்தான். அது என்னைப் பார்த்து ஓடவில்லை. தண்ணீர் தெளிக்கத்தான் வருகிறேன் என்று இருந்துவிட்டது.

பகலெல்லாம் வீட்டில் நான், தூளி, மேலே கலயம். இரண்டு நாள் உள்ளே "டொப் டொப்" என்று குதிக்கிற சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் கலயத்தின் உள்பக்கத்தைச் சுரண்டுகிற சத்தம் மட்டும். நான்காம் நாள் அதுவும் நின்று நின்று வந்தது. கீழே தம்பியும் அப்படித்தான் நின்று நின்று அழுதுகொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை. காலி அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் ஏறித் துணிக்கட்டை அவிழ்த்தேன். தேரை சாம்பல் நிறத்தில் சுருங்கி, அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பானையடி ஈரத்தில் விட்டேன். ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு ஒரு காலை இழுத்தது, அப்புறம் மற்றதை. சாயங்காலம் பார்த்தபோது அது அங்கே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் அது வரவேயில்லை. நான் வெறும் கலயத்தின் வாயை அதே மாதிரி கட்டி வைத்திருந்தேன். அதற்கப்புறமும் மேலே சுரண்டுகிற சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது; என் பயம்தான் என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் தம்பி செத்துப்போனான். அழக்கூட இல்லை. பாலாடையை வாயில் வைத்தேன். பால் கடைவாய் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. தெருவில் போய் நின்றுகொண்டு அத்தையைக் கூப்பிட்டேன்.

புதைத்துவிட்டு வந்த பிறகு அத்தை கலயத்தை இறக்கினார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் கலயத்தைப் பார்த்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள், தம்பியைக் கொன்றவள் நான்தான் என்று தெரிந்துவிடும். அத்தை துணியை அவிழ்த்துக் கவிழ்த்தார். தரையில் ஒரு தேரை விழுந்தது. காய்ந்து, விறைத்து, செத்துப்போன தேரை.

"இதுவும் போச்சு, பிள்ளையும் போச்சு. நேரங்கடந்து போச்சேடி" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நான் விட்ட தேரை தானாகத் திரும்பி வந்து, கட்டிய கலயத்துக்குள் புகுந்து செத்துக் கிடக்கிறது என்றே நம்பினேன். எனக்காகத்தான் வந்தது என்றும் நம்பினேன். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்?

ஐப்பசியில் மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டிக் கண்மாய் பாதிக்கு மேல் ஏறியது. நின்றதும் தவளைகள் கத்த ஆரம்பித்தன பாருங்கள்! எங்கே கிடந்தனவோ, மண்ணெல்லாம் வாய் திறந்த மாதிரி அத்தனையும் மேலே வந்துவிட்டன. மண்தவளைகள் தண்ணீர் மேல் உப்பி மிதந்துகொண்டு ஆட்டுக்குட்டி மாதிரி கத்தின. நாங்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கரைக்கு ஓடினோம். எங்களுக்கு முன்பே அம்மா அங்கே நின்றாள். தலை அவிழ்ந்து கிடக்க, ஈரக் கரிசலைக் கட்டி கட்டியாகப் பிடுங்கித் தண்ணீருக்குள் எறிந்துகொண்டிருந்தாள்.

"இப்ப வாரீகளாக்கும்! இப்ப வாரீக! ரெண்டு மாசம் முந்தி வந்தா என்ன?"

கட்டி விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் சத்தம் அடங்கும். பிறகு மறுபடியும் கத்தும். அப்பா வந்து அவளைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார். ஊரார் முன்னிலையில் அவர் அம்மாவைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

மழைக்குப் பிறகு அப்பா என்னை மறுபடியும் பள்ளிக்கூடத்தில் விட்டார். படித்தேன், பால்வாடி வேலை கிடைத்தது. காரியாபட்டியில் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாம் நாள் ஓர் அம்மா ஒரு பால்மாவு டின்னை மேஜையில் வைத்து, இத்தனை தண்ணீருக்கு இத்தனை கரண்டி என்று கலக்கிக் காட்டினார். ஒரு டம்ளருக்கு ஐந்து கரண்டி போட்டார். கஞ்சி மாதிரி கெட்டியாக இருந்தது. நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். தம்பிக்குப் பசி. நான்கு மாதமும் அவனுக்குப் பசிதான் இருந்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. எந்தத் தாயாவது, "தேரை விழுந்துருச்சு டீச்சர்" என்று வந்தால் சன்னதம் வந்தவள் மாதிரி ஆடுவேன். ஒருமுறை எங்கள் ஊர் பால்வாடியிலேயே தாய்மாரைக் கூட்டி வைத்துப் பேசினேன். "தேரை விழுந்து எந்தப் பிள்ளையும் சாகாது. பால்ல தண்ணிய ஊத்தி ஊத்திக் குடுத்தாத்தான் சாகும். பெத்தவளே பட்டினி போட்டுட்டுத் தேரை மேல பழிய போடாதீக" என்றேன். பேசி முடித்த பிறகுதான் பார்த்தேன். கடைசி வரிசையில், ரேஷன் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். மெதுவாக எழுந்து போய்விட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். உண்மையைத்தானே சொன்னேன் என்ற திமிர் எனக்கு.

அதிலிருந்து அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. கடைசிக் காலத்தில் என்னோடு அருப்புக்கோட்டை வீட்டில்தான் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், படுக்கையில் விழுந்து இருபது நாள் இருக்கும், நான் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தக் கலயத்துத் தேரைய நீதானத்தா அவுத்துவிட்ட?"

அவள் கழுத்தில் சிந்திய பாலை முந்தானையால் துடைத்தேன்.

"மறுநா தூளிக் கயித்த இறுக்கிக் கட்டுறப்பக் கலயம் லேசா ஆடுச்சு. அவுத்துப் பாத்தேன், இல்ல. உங்க அத்தை கண்டா ஆயுசுக்கும் உன்னச் சொல்லியே கொன்னுருவாகளேன்னு பாயம்மா வீட்டுத் தொட்டியடில போயி வேற ஒண்ணப் பிடிச்சாந்து போட்டேன். விழுந்த தேரையத்தான் போடணும்னாக. நான் மாத்திப் போட்டுட்டேன். அதுனாலதான் பலிக்கலயோன்னு இருந்தேன். அப்பறம் நீ அன்னைக்குப் பால்வாடில வேற சொன்ன." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீ டீச்சரு, உனக்குத் தெரியும். நெசத்தச் சொல்லு. தேரைதானா? இல்ல, நான் பாலுல தண்ணிய ஊத்தச் சொன்னதாலயா?"

ஐம்பது வருடத்துக்கு மேலாக நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தேடிய பதில் என் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் நான் விடுதலை. அவள் கண்ணைப் பார்த்தேன். அன்றைக்குக் கரி படிந்த கையோடு ஒரு தேரையைப் பிடித்துக்கொண்டு வீரசோழனிலிருந்து நடந்து வந்தவள் இவள்தான். பெற்ற மகன் சாகிற நேரத்திலும் எனக்குப் பழி வரக்கூடாது என்று நினைத்தவள்.

"தேரைதாம்மா" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். விழுந்து ரொம்ப நாளாகிப்போச்சு. எந்தத் தேரையப் போட்டிருந்தாலும் கேட்டிருக்காது. உன் பாலு ஒண்ணும் செய்யலம்மா."

அம்மா என் கையை விட்டாள். மிச்சப் பாலைக் குடித்தாள். அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தாள். தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை.

அன்று டம்ளரைக் கழுவக் குளியலறைக்குப் போனேன். வாளிக்குப் பின்னால், ஈரச் சுவரில் ஒரு தேரை ஒட்டிக்கொண்டிருந்தது. கண்மாயெல்லாம் சீமைக்கருவேலம் மண்டி, மழை பெய்தால்கூடத் தவளைச் சத்தம் கேட்பது அபூர்வமாகிவிட்ட இந்தக் காலத்தில், டவுனில், மொசைக் போட்ட வீட்டில் அது எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. அதே ஈர்க்குச்சிக் கால், அதே வட்ட விரல். நான் அதன் முன்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி அதன் மேல் தெளித்தேன். கண்ணை உள்ளே இழுத்து மூடிக்கொண்டது.